கடலிலிருந்து ஏரிவரை: சென்னையின் இயற்கை வடிகால்களைப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையின் ஒரு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறதென்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே இருக்காது. இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு சிறுபாலத்தின் அடியில் குறுக்காகச் செல்லும் குழாயிலோ, அதற்கும் கீழே மணல் மூடிய முகத்துவாரத்திலோ அது இருக்கும். கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரமே உள்ள இந்த நகரத்தில் தண்ணீர் தானாக விரைந்து ஓடுவதில்லை. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் என்னும் நான்கு வடிநிலங்களின் வழியே, மிகக் குறைந்த சரிவில், மெதுவாகவே அது கடலைச் சேர்கிறது. ஆண்டு மழையான ஏறத்தாழ 140 சென்டிமீட்டரில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையிலேயே, அதுவும் சில நாட்களிலேயே, கொட்டித் தீர்த்துவிடுகிறது. எனவே அந்தச் சில நாட்களுக்காக மற்ற ஒன்பது மாதங்களும் உழைக்க வேண்டியிருக்கிறது.

குடியிருப்போர் நலச் சங்கங்கள், ஏரி பாதுகாப்புக் குழுக்கள், வார்டு அளவில் பணிபுரியும் பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சாலையோரக் கான்கிரீட் வடிகால்களைப் பற்றி இதில் அதிகம் இல்லை. அந்த வடிகால்கள் சென்று சேரும் ஓடை, கால்வாய், ஏரி, சதுப்பு நிலம், ஆறு, முகத்துவாரம் ஆகியவையே இங்கு பொருள். இவை சரியாக இல்லாதபோது சாலையோர வடிகாலை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் அது தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாகவே இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். அந்தப் பரப்பு மண்ணும் மரமுமாக இருந்த காலத்தில் அதில் கணிசமான பங்கு நிலத்துக்குள் இறங்கியது. இன்று கூரையும் தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையுமாக இருப்பதால், ஏறக்குறைய முழுவதும் சில மணி நேரத்துக்குள் ஓடைக்கு வந்துவிடுகிறது. ஓடையோ பழைய அகலத்திலும் இல்லை.

முதல் படி: வடிகாலை நடந்து அறிதல்

உங்கள் பகுதியின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மார்ச் மாதத்தில், தண்ணீர் வற்றியிருக்கும்போது, ஓடையின் கரையோடு அது சேருமிடம் வரை நடந்து செல்ல வேண்டும். நடப்பதற்கு முன் மூன்று ஆவணங்களைத் திரட்டிக்கொள்ளுங்கள்: கிராம வரைபடம், ஓடை செல்லும் சர்வே எண்களுக்கான புலப்படங்கள் (நில அளவை வரைபடங்கள்), அந்த எண்கள் எந்த வகைப்பாட்டில் உள்ளன என்பதைக் காட்டும் ‘அ’ பதிவேட்டின் படி. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மாம்பலம், அம்பத்தூர் போன்றவை ஒரு காலத்தில் வருவாய்க் கிராமங்களாக இருந்தவை. ஆகவே வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, ஏரி உள்வாய் (ஏரியில் நீர் பரவி நிற்கும் பகுதி) என்ற சொற்கள் அந்தப் பதிவேடுகளில் இருக்கும். இணையத்தில் கிடைக்காதவற்றைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்துக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

நடக்கும்போது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் அகலத்தை நாடா வைத்து அளந்து குறியுங்கள். ஒவ்வொரு சிறுபாலத்தின் கண் (அடியில் நீர் செல்லும் திறப்பு) அகலம், உயரம், தூண்களின் எண்ணிக்கை, குறுக்கே செல்லும் குடிநீர்க் குழாய், மின்வடம், இணையக் கம்பி ஆகியவற்றை எழுதிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தென்சென்னையில் ஒரு வாய்க்காலை இப்படி அளந்தபோது, புலப்படத்தில் 12 மீட்டராக இருந்த அகலம் ஓரிடத்தில் நான்கு மீட்டருக்கும் குறைவாக இருந்தது. கரையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, வாய்க்கால் முன்பு எதுவரை இருந்தது?” என்று கேட்டோம். அவர் எழுந்து தெருவைக் கடந்து, எதிர்ச்சாரியில் நின்ற ஒரு பனைமரத்தைத் தொட்டுக் காட்டி, “இதுதாம்ப்பா கரை. மரத்துக்கு இந்தாண்ட எல்லாம் தண்ணிதான்” என்றார். நாடாவை விரித்துப் பார்த்தோம். பனைமரம் வரை சரியாகப் பன்னிரண்டு மீட்டர் இருந்தது. பதிவேட்டைப் புரட்டும் அளவுக்கு முதியவர்களிடம் கேட்பதும் அவசியம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் படி: யாருடைய பொறுப்பு என்பதைப் பிரித்தறிதல்

சாலையோர மழைநீர் வடிகால்களும் உள்கால்வாய்கள் பலவும் பெருநகர சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆறுகள், பக்கிங்காம் கால்வாய், பெரிய போக்குக் கால்வாய்கள், பெரிய ஏரிகள் பல நீர்வளத்துறையிடம் உள்ளன. கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்தைச் சார்ந்தவை. சில முக்கியச் சாலைகளின் சிறுபாலங்கள் நெடுஞ்சாலைத் துறையின் கீழும், ரயில் பாதையின் அடிப்பாலங்கள் ரயில்வேயின் கீழும் வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி வனத்துறையுடையது. ஒரே ஓடை அரை மணி நேர நடையில் நான்கு துறைகளின் எல்லையைக் கடப்பதும் உண்டு. ஆகவே உங்கள் அளவீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் நேராகப் பொறுப்பான துறையை எழுதிவிட்டு, அந்தந்தத் துறைக்குத் தனித்தனியாகவே மனு அளியுங்கள். மாநகராட்சியைச் சேர்ந்தவற்றுக்கு 1913 என்ற எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். “எங்கள் பகுதியில் தண்ணீர் தேங்குகிறது” என்ற புகாரைவிட, “இந்தச் சிறுபாலத்தின் இரண்டாவது கண்ணில் 60 சென்டிமீட்டர் வண்டல் உள்ளது” என்ற புகாருக்கு ஆள் விரைவில் வருகிறார் என்பது என் அனுபவம்.

ஆக்கிரமிப்பு தெரிந்தால், ஏரிகளைப் பொறுத்தவரை 2007 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. முதலில் எல்லையை அளந்து கல் நடச் சொல்லிக் கேளுங்கள். எல்லைக்கல் இல்லாத இடத்தில் எந்த நடவடிக்கையும் நிலைப்பதில்லை. கரையில் வாழும் ஏழைக் குடும்பங்களை மட்டும் ஆக்கிரமிப்பாளர்களாகப் பட்டியலிட்டுவிட்டு, அதே கால்வாயை ஒடுக்கி நிற்கும் சுற்றுச்சுவர்களையும் பொதுக் கட்டுமானங்களையும் விட்டுவிடும் பட்டியலில் நான் கையெழுத்திடமாட்டேன். பறக்கும் ரயிலின் தூண்களே பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கின்றன என்பதையும் நாம் நேர்மையாகக் குறிக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: முகத்துவாரத்திலிருந்து வேலையைத் தொடங்குதல்

பராமரிப்பில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விதி இதுதான்: வேலை கடலில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். மேற்பகுதியை முதலில் தூர்வாரினால், தண்ணீர் முன்னைவிட வேகமாக வந்து, தூர்வாரப்படாத கீழ்ப்பகுதியில் முட்டி நிற்கும். கிளறிவிடப்பட்ட வண்டலும் அங்கேயே படியும். ஒரு பகுதி மக்களின் துன்பம் இன்னொரு பகுதி மக்களுக்கு மாற்றப்படுவதைத் தவிர அதனால் நடப்பது எதுவும் இல்லை.

சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்கள் கட்டப்பட்டபின், அவற்றுக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. அந்த மணலே கூவத்தின் வாயையும் அடைக்கிறது. அடையாற்றின் வாயில், பட்டினப்பாக்கத்துக்கு அருகே, கோடையில் ஆற்றில் ஓட்டம் குறையும்போது மணல் திட்டு எழுந்து குறுக்கே படுத்துவிடும். வாய் அடைபட்ட ஆற்றில் கடல்நீர் ஏறி இறங்காது. ஏறி இறங்காத நீரில் கழிவு தங்கி, வண்டல் இன்னும் விரைவாகப் படியும்.

முகத்துவாரத்தைத் தானாகத் திறந்து வைத்திருப்பது அலைநீர்தான். ஓதம் ஏறும்போது உள்ளே வரும் நீரின் அளவு எவ்வளவு அதிகமோ, அது வடியும்போது மணலைத் தள்ளிச் செல்லும் வலுவும் அவ்வளவு அதிகம். ஆகவே கழிமுகத்தை அடுத்த உப்பங்கழியை மண் கொட்டி நிரப்புவது இடத்தை இழப்பதோடு நிற்பதில்லை. வாயைத் திறந்து வைக்கும் விசையையும் குறைத்துவிடுகிறது. அடையாற்றின் கழிமுகத்தில் 58 ஏக்கரில் குப்பையையும் இடிபாடுகளையும் அகற்றி உப்பங்கழியை மீட்டு, 2011 ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்ததை அழகுக்கான பணியாக மட்டுமல்லாமல் வடிகால் பணியாகவும் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது: ஜூலை முதல் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை முகத்துவாரத்தைப் படமெடுத்துத் தேதியோடு பதியுங்கள். செப்டம்பர் இறுதிக்குள் மணல் திட்டு வெட்டப்பட வேண்டும். வெட்டிய மணலைக் கரையோரத்திலேயே குவித்தால் இரண்டு பெரிய அலைகளில் அது திரும்ப வந்துவிடும் என்பதால், எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எண்ணூர், முட்டுக்காடு முகத்துவாரங்களுக்கும் இதே கண்காணிப்பு வேண்டும். பள்ளிக்கரணையின் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்னும் கால்வாய் வழியாகத் தென்பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அங்கே வாய் குறுகினால் வேளச்சேரியில் தண்ணீர் வடியத் தாமதமாகும்.

நான்காம் படி: வண்டலை அளந்து அகற்றுதல்

தூர்வாருதல் என்ற பெயரில் மேலே மிதக்கும் ஆகாயத்தாமரையை மட்டும் வாரிப்போட்டுவிட்டு, அடியில் உள்ள வண்டலை அப்படியே விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. இதைத் தவிர்க்கப் பணிக்கு முன்னும் பின்னும் அளவெடுக்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் வர்ணம் பூசிய ஒரு மூங்கில் கழி போதும். கழியை மெதுவாக நீரில் இறக்கும்போது அது முதலில் தட்டுப்படும் இடம் வண்டலின் மேற்பரப்பு. அழுத்தி இறக்கியபின் கெட்டியாக நிற்கும் இடம் பழைய தரை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே வண்டலின் கனம். ஒவ்வொரு சிறுபாலத்திலும் மேல்புறம், கண்ணுக்குள், கீழ்புறம் என மூன்று அளவு எடுங்கள். இவற்றைக் கரையிலிருந்தோ பாலத்தின் மேலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும்.

அரை மீட்டர் வண்டல் என்பது சிறிதாகத் தோன்றலாம். இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள கால்வாயில் அரை மீட்டர் படிந்தால் குறுக்குப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. ஓடும் நீருக்கு அடியிலும் பக்கங்களிலும் ஏற்படும் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடத்தும் திறனில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது போய்விடுகிறது.

ஆழமாக வெட்டினால் நல்லது என்று எண்ண வேண்டாம். தேவையானது சீரான சரிவு. ஓரிடத்தில் பொக்லைன் எளிதில் நிற்கக் கூடியதாக இருப்பதால் அங்கே ஒரு மீட்டர் அதிகம் தோண்டிவிட்டு, பாலத்துக்கு அடியில் இயந்திரத்தின் கை எட்டாததால் மேட்டை அப்படியே விட்டால், அந்த மேடுதான் கால்வாயின் உண்மையான தரைமட்டம். தோண்டிய பள்ளத்தில் கழிவுநீர் தேங்கிக் கொசு வளரும். எனவே பாலங்களின் அடிமட்டத்தை ஆதாரமாகக் கொண்டு மட்டம் பார்த்து, கீழிருந்து மேலாகச் சரிவை நிர்ணயித்தபின்பே வெட்ட வேண்டும். கரையின் அடிப்பகுதியைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே கரை சரிந்து அதே வண்டலாகக் கால்வாய்க்குள் வந்துவிடும்.

வாரிய வண்டலைக் கரையில் காயவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் இந்நகரில் மீண்டும் மீண்டும் நடக்கும் மிகப் பெரிய தவறு. நீர் வடிய ஒன்றிரண்டு நாள் போதும். அதற்குள் லாரியில் ஏற்றிவிட வேண்டும். கழிவுநீர் கலந்த வண்டல் என்பதால் அதை ஏரி உள்வாயிலோ காலி மனையிலோ கொட்டக்கூடாது. லாரிகள் எங்கே போகின்றன என்பதற்கு ரசீது கேளுங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மூடிய வடிகாலுக்குள்ளும் மேன்ஹோலுக்குள்ளும் மனிதரை இறக்காதீர்கள், இறக்குவதை அனுமதிக்காதீர்கள். வண்டலைக் கிளறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நொடிகளில் நினைவிழக்கச் செய்யும். காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் மடிவதே வழக்கமாக இருக்கிறது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் ஆட்களை இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இயந்திரம் வரும்வரை ஒரு வாரம் காத்திருப்பதால் எந்தத் தெருவும் மூழ்கிவிடாது.

ஐந்தாம் படி: கோடையில் ஓடும் நீரைத் தேடுதல்

ஏப்ரல், மே மாதங்களில் மழையில்லாத பத்து நாட்களுக்குப் பின்னரும் ஒரு மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து நீர் ஒழுகினால் அது பெரும்பாலும் கழிவுநீர். சோப்பு நுரையா, சாம்பல் நிறமா, எந்த நேரத்தில் அதிகம் வருகிறது என்பதைக் கவனித்தால் வீடுகளிலிருந்து வருவதா, உணவகங்களிலிருந்தா, லாரியில் கொண்டுவந்து ஊற்றப்படுவதா என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கீழிருந்து மேலாக ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்க்குமாறு மாநகராட்சியையும் குடிநீர் வாரியத்தையும் ஒரே நாளில் ஒன்றாக வரவழைப்பது நல்லது. தனித்தனியே வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதிலேயே கோடை கழிந்துவிடும். கழிவுநீர் நின்றாலொழிய ஆகாயத்தாமரையும் நிற்காது. சத்து மிகுந்த நீரில் அது இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பரவக்கூடியது. மிதக்கும் பாய்போல் நகர்ந்துவந்து பாலத்தூண்களில் சிக்கி அணைபோல நிற்கும். பூப்பதற்கு முன் வாரி, கரையிலிருந்து தள்ளிப் போட வேண்டும்.

ஆனால் எல்லாச் செடிகளும் களைகள் அல்ல. கரைச் சரிவில் உள்ள கோரையும் நாணலும் வெட்டிவேரும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை. நீரோட்டத்தின் நடுப்பகுதியைத் திறந்துவிட்டு, கரையோரச் செடிகளை உயரம் மட்டும் குறைத்து விட்டாலே போதும். கரை முழுவதும் கான்கிரீட் பூசுவதை நான் ஆதரிப்பதில்லை. இடம் மிகக் குறுகிய இடங்களில் வேறு வழியில்லாமல் சுவர் எழுப்பலாம். மற்ற இடங்களில் சரிவான மண்கரையே நிலத்தடிக்கு நீரை இறக்கும், உடைந்தாலும் எளிதில் செப்பனிட முடியும்.

ஆறாம் படி: ஏரியில் இடம் உண்டாக்குதல்

நகரத்து ஏரிகள் இன்று பாசனத்துக்கு நீர் தருவதில்லை. ஆனால் வெள்ளத்தைத் தாங்கிப் பிடித்து மெதுவாக விடும் வேலையை அவை செய்ய முடியும். உள்ளே காலி இடம் இருந்தால் மட்டுமே. கோடை முழுவதும் கழிவுநீரால் கலங்கல் (உபரிநீர் வழிந்து வெளியேறும் அமைப்பு) மட்டம் வரை நிரம்பியிருக்கும் ஏரி, அக்டோபரில் வரும் மழையை ஒரு சொட்டும் பிடிக்காமல் அப்படியே கீழே தள்ளிவிடும். 40 ஹெக்டேர் ஏரியில் மழைக்கு முன் நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கிவைத்தால் 20 கோடி லிட்டருக்கு இடம் கிடைக்கிறது. அதாவது, முன்பு சொன்ன கணக்கின்படி, இரண்டு சதுர கிலோமீட்டரில் பெய்யும் 10 சென்டிமீட்டர் மழைக்கு இடம்.

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பிறகு நாராயணபுரத்துக்கும், இறுதியில் பள்ளிக்கரணைக்கும் நீர் இறங்குகிறது. இத்தகைய தொடரில் ஒரு ஏரியின் கலங்கலை மட்டும் உயர்த்துவதோ, மணல் மூட்டை அடுக்கி அடைப்பதோ, கரையை வெட்டிவிடுவதோ மற்ற எல்லா ஊர்களையும் பாதிக்கும். ஆகஸ்டு மாதத்தில் செய்ய வேண்டியவை: மதகின் பலகை ஏறி இறங்குகிறதா என்று இயக்கிப் பார்த்து எண்ணெய் இடுதல், கரையில் எலிவளை, மரவேர் ஓட்டை, கசிவு ஆகியவற்றைக் குறித்தல், கலங்கலுக்குக் கீழுள்ள முதல் 200 மீட்டர் போக்குக் கால்வாயை முழுமையாகத் திறத்தல். கடைசியாகச் சொன்னதே மிக அடிக்கடி மறக்கப்படுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி திறக்கப்பட்டபோது, மேற்புறத்தில் இருந்த ஏரிகளின் உபரியும் அதே அடையாற்றில்தான் வந்து கொண்டிருந்தது.

சதுப்பு நிலத்தை ஏரிபோல் நடத்தக்கூடாது. பள்ளிக்கரணை ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரின் நீரை வாங்கிக்கொள்ளும் கழுவெளி. அதன் எஞ்சிய பகுதி 2022 இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதை ஆழமாக வெட்டுவதால் பெரிய பயன் இல்லை. நீர் உள்ளே வரும் வாய்களையும், வெளியேறும் ஒக்கியம் மடுவையும் திறந்து வைத்து, ஓரங்களில் மண்ணும் குப்பையும் கொட்டப்படாமல் காப்பதே அங்கு பராமரிப்பு.

ஏழாம் படி: மழை நாளில் பதிவு செய்தல்

மழை பெய்யும்போது கால்வாய்க்குள் இறங்கி அடைப்பு எடுக்க முயலாதீர்கள். பதிவு செய்வதே அன்றைய வேலை. முக்கியமான இரண்டு சிறுபாலங்களின் சுவரில் முன்கூட்டியே அளவுகோல் வரைந்து, மணிக்கு ஒருமுறை பாதுகாப்பான தூரத்திலிருந்து மட்டத்தைக் குறியுங்கள். பாலத்தின் மேல்புறத்தில் மட்டம் உயர்ந்தும் கீழ்ப்புறத்தில் தாழ்ந்தும் இருந்தால் அடைப்பு அந்தப் பாலத்தில்தான். இரு புறமும் ஒரே மட்டத்தில் நின்றால் தடை இன்னும் கீழே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் குழுவில் ஒருவர் மாடியிலிருந்து டார்ச் வெளிச்சத்தில் குறித்துவைத்த ஒன்பது அளவுகள், பிறகு எந்தப் பாலத்தின் கண்ணை அகலப்படுத்த வேண்டும் என்ற விவாதத்தை ஒரே கூட்டத்தில் முடித்துவைத்தன.

மழையளவை வானிலை மையத்தைப் போலவே காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்ற கணக்கில் எழுதுங்கள். அப்போதுதான் உங்கள் குறிப்பை அரசின் அளவோடு ஒப்பிட முடியும். தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, சுவர்களில் சேற்றுக்கோடு அழிவதற்கு முன், ஒவ்வொரு தெருவிலும் அந்தக் கோட்டின் உயரத்தை அளந்து, தேதியுடன் சிறு குறி பதித்துவிடுங்கள். ஜனவரியில் மீண்டும் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி நடந்து, புதிதாக எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த அளவே வரும் ஆண்டின் வேலைத்திட்டத்துக்கும், மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கைக்கு முன் நீங்கள் கொடுக்க வேண்டிய மனுவுக்கும் அடிப்படை.